அவையில் எழும் இருமல்: அடக்குவதா, ஆயத்தமாவதா?

சந்தையிலும் பேருந்திலும் யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் இருமல், தேர்வுக் கூடத்திலோ கச்சேரி அரங்கிலோ தியான மண்டபத்திலோ எழும்போது குற்றமாகிவிடுகிறது. இருமுபவர் கூனிக் குறுகுகிறார். சுற்றியிருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இந்தச் சங்கடத்துக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. இருமலை எப்பாடுபட்டாவது அடக்கிக்கொள்வதே நாகரிகம் என்பது ஒன்று. இருமல் இயற்கை, பொறுத்துக்கொள்ள வேண்டியது மற்றவர்கள்தான் என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டுமே இருமலைத் தவறாகப் புரிந்துகொள்கின்றன. கடந்த ஐம்பது ஆண்டுகளில் உடலியலாளர்களும் உளவியலாளர்களும் பொருளாதார அறிஞர் ஒருவரும்கூட இருமலை ஆராய்ந்து சொன்னவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. இருமல் பாதி உடலின் செயல், பாதி மனத்தின் செயல். ஆகவே, அது வரும் நொடியில் அதனோடு மல்லுக்கட்டுவதைவிட, வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்வதுதான் பலன் தரும். அந்த ஏற்பாட்டில் இருமுபவருக்கு இருக்கும் பொறுப்பு அவையை நடத்துபவருக்கும் இருக்கிறது.

முதலில் இருமல் எப்படி நிகழ்கிறது என்று பார்ப்போம். குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் அதன் கிளைகளிலும் தூசு, புகை, சளி, அமிலம் ஆகியவற்றை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை வேகஸ் நரம்பு வழியாக மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து வரும் கட்டளை மூன்று கட்டங்களாக நிறைவேறுகிறது. முதலில் மூச்சு ஆழமாக உள்ளே போகிறது. அடுத்து குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்ள, வயிற்றுத் தசைகளும் மார்புத் தசைகளும் சுருங்கி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். பிறகு குரல் நாண்கள் சட்டென்று திறக்க, அடைபட்ட காற்று வெடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த வெடிப்புதான் நம் காதில் விழும் இருமல். மூடிய வாசல் திடீரென்று திறப்பதால்தான் இவ்வளவு ஓசை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சத்தத்தைக் குறைக்கும் வழியும் அங்கேதான் இருக்கிறது.

இது முழுக்க அனிச்சைச் செயல் என்றால் அடக்குவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அப்படி இல்லை. காய்ந்த மிளகாயைத் தாளிக்கும்போது வீடே இருமுவதற்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருளைத்தான் ஆய்வுக்கூடங்களிலும் இருமலை வரவழைக்கப் பயன்படுத்துகிறார்கள். 1990களில் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரான் எக்கிள்ஸும் அவருடைய குழுவினரும், கேப்சைசினைச் சுவாசிக்கும் ஆரோக்கியமானவர்களிடம் இருமலை அடக்கிப் பார்க்கச் சொன்னார்கள். பெரும்பாலானவர்களால் அடக்க முடிந்தது. இருமலுக்கு முன்னால் தொண்டையில் ஓர் அரிப்பு, ‘இருமினால் தேவலை’ என்ற உந்துதல் வருகிறதல்லவா, அந்த உந்துதலுக்கும் இருமலுக்கும் இடையில் மூளையின் மேல்தளம் குறுக்கிட முடிகிறது. அதே எக்கிள்ஸ் 2002இல் இருமல் மருந்துகளின் சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார். அந்தச் சோதனைகளில் இருமல் குறைந்ததில் 85 சதவீதம் வரை, மருந்தே இல்லாத போலி மருந்தைக் குடித்ததிலேயே கிடைத்திருந்தது. நம்பிக்கையும் எதிர்பார்ப்பும் இருமலைக் குறைக்கும் என்றால், பயமும் பதற்றமும் அதைக் கூட்டவும் செய்யும் என்று கருத இடமிருக்கிறது.

சூழலின் பங்கு இதைவிடத் தெளிவாக ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1980இல் வெளியிட்ட ஆய்வில் இருமல் தொற்றிக்கொள்ளும் தன்மை உடையது என்று காட்டினார். கிருமியால் அல்ல, காதால். பக்கத்தில் ஒருவர் இருமினால் மற்றவர்களுக்கும் தொண்டை அரிக்கிறது. மனத்தை இழுத்துப் பிடிக்கும் காட்சியில் இருமல் குறைகிறது. சலிப்பூட்டும் இடத்தில் கூடுகிறது. கவனம் வெளியே இருக்கும்போது தொண்டையின் சிறு அரிப்பு நமக்குத் தெரிவதில்லை. கவனம் உள்ளே திரும்பினால் அதுவே பெரிதாகிறது. ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஆன்ட்ரியாஸ் வாகனர் 2012இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆரோக்கியமான ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 16 முறை இருமுகிறார் என்றால், மேற்கத்தியச் செவ்விசைக் கச்சேரிகளில் இருமும் வேகம் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டார். மெதுவான, தாழ்ந்த ஒலியுள்ள பகுதிகளிலும் பழக்கமில்லாத நவீன இசையிலும் அது கூடுவதையும் கவனித்தார். ஆகவே அரங்கில் எழும் இருமல்களில் ஒரு பகுதியாவது விருப்பத்தோடு செய்யப்படுவது என்பது அவர் முடிவு.

வாகனரின் கணக்கை ஏற்றுக்கொண்டாலும் அவர் முடிவை அப்படியே ஏற்கத் தயங்க வேண்டும். செவ்விசை அரங்குகளுக்கு வருபவர்களில் முதியவர்கள் அதிகம். முதியவர்களில் நாள்பட்ட இருமல் உள்ளவர்களும், இருமலைப் பக்கவிளைவாகத் தரும் மாத்திரை சாப்பிடுபவர்களும் அதிகம். கச்சேரிகள் நடப்பது பெரும்பாலும் குளிர்காலத்தில், வறண்ட காற்று உள்ள மூடிய கூடத்தில். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இப்போது இருமக் கூடாது’ என்ற நினைப்பே கவனத்தைத் தொண்டைக்குக் கொண்டுபோகிறது. பென்னபேக்கர் சொன்னது சரியென்றால், அந்த நினைப்பே இருமலை வரவழைக்கப் போதும். அரங்கில் இருமல் கூடுவதற்கு மரியாதைக் குறைவு காரணமாக இருக்கலாம். மரியாதை பற்றிய அளவு கடந்த பயமும் காரணமாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவரால் எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது. இதனால்தான் மேடையிலிருந்து கடிந்துகொள்வது நியாயமாகவும் இருப்பதில்லை, பலன் தருவதும் இல்லை. 1975இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் ஓப்பராவைப் பாடிக்கொண்டிருந்த ஜான் விக்கர்ஸ், பாட்டை நிறுத்திவிட்டு இருமியவர்களைத் திட்டினார். அது ஒலிப்பதிவாகி இன்றும் பேசப்படுகிறது. 2013இல் சிகாகோவில் மாலரின் ஒன்பதாவது சிம்ஃபனியை நடத்திய மைக்கேல் டில்சன் தாமஸ், முதல் பகுதி முடிந்ததும் உள்ளே போய் இருமல் மிட்டாய்களை அள்ளி வந்து பார்வையாளர்களுக்கு வீசினார். இரண்டுமே பொறுமை இழந்த கலைஞர்களின் செயல்கள்தான். ஆனால் இரண்டாமவர் கையில் ஒரு தீர்வு இருந்தது.

தீர்வு எங்கே தொடங்க வேண்டும்? அரங்குக்குள் நுழைவதற்கு வெகு முன்பே. வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலுக்குப் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடிய காரணம் இருக்கும். ஆஸ்துமா, மூக்கிலிருந்து தொண்டைக்கு வழியும் சளி, இரைப்பை அமிலம் மேலேறுவது ஆகியவை முக்கியமானவை. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் கணிசமானோருக்கு வறட்டு இருமலைத் தருகின்றன. மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை மாத்திரைக்கு மாற்றித் தருவார். சென்னை மார்கழி சீசனில் சபா கேண்டீனில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நேராக இருக்கையில் சாய்ந்து உட்காருவது, அமிலத் தொல்லை உள்ளவருக்கு இருமலை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம். சாப்பாட்டுக்கும் கச்சேரிக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. வெயிலிலிருந்து ஏசி அறைக்குள் திடீரென்று நுழைவதும், ஊதுபத்தி, சாம்பிராணி, வாசனைத் திரவியம் ஆகியவற்றின் நெடியும் ஆஸ்துமாக்காரருக்குப் போதுமான தூண்டுதல்கள். சற்று முன்னதாகவே வந்து, கழுத்தில் ஒரு துண்டோ துப்பட்டாவோ சுற்றிக்கொண்டு, குளிர்க்காற்று நேரே அடிக்காத இடமாகப் பார்த்து உட்காரலாம். ஓரத்து இருக்கை, முடிந்தால் கதவுக்கு அருகில், என்பது எல்லா ஏற்பாடுகளிலும் சிறந்தது. எழுந்து போக வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பதற்றம் பாதி குறைகிறது.

கையில் இருக்க வேண்டியவை மூன்று: சாதாரண வெப்பத்தில் தண்ணீர், துணிக் கைக்குட்டை, வாயில் மெல்லக் கரையும் ஏதாவது ஒன்று. இனிப்புக்கு இருமலைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்பது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனல் ஆய்வு மையத்தினர், இனிப்புக் கரைசலை வாயில் வைத்திருந்தவர்களை இரும வைக்கக் கூடுதல் கேப்சைசின் தேவைப்பட்டதைக் கண்டார்கள். நம் வீடுகளில் கிடைக்கும் பனங்கற்கண்டு இந்த வேலைக்குப் போதும். எதை வைத்திருந்தாலும் உறையைப் பிரித்து வைத்துக்கொள்வது முக்கியம். மிட்டாய் உறை சரசரப்பதை 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்த அமெரிக்க இயற்பியலாளர் எரிக் கிரேமர், அந்த ஒலி தனித்தனியான சிறு ‘டிக்’ ஒலிகளின் தொகுப்பு என்று காட்டினார். உறையில் உள்ள மடிப்புகள் ஒவ்வொன்றாக நிலை மாறும்போது அவை எழுகின்றன. மெதுவாகப் பிரித்தால் ஒவ்வொரு ‘டிக்’ ஒலியும் சன்னமாவதில்லை, தொல்லைதான் நீள்கிறது. ஆகவே மெதுவாகப் பிரிப்பது மரியாதை என்று நினைப்பது தவறு. வீட்டிலேயே பிரித்து ஒரு சிறு டப்பாவில் போட்டுக்கொண்டு வருவதுதான் சரி.

இவ்வளவு செய்தும் இருமல் வரத்தான் செய்யும். தொண்டையில் அரிப்பு தெரிந்த உடனே வாயை மூடி, எச்சிலையாவது தண்ணீரையாவது ஒரு முறை விழுங்க வேண்டும். பிறகு மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுத்து, உதடுகளைக் குவித்து நிதானமாக வெளியே விட வேண்டும். வாய் வழியாக வேகமாக இழுக்கும் வறண்ட காற்று அரிப்பைக் கூட்டும். நாள்பட்ட இருமல் உள்ளவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் கற்றுத் தருவதும் ஏறத்தாழ இதைத்தான். தொண்டையைத் திரும்பத் திரும்பச் செருமுவதைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு செருமலிலும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதி, இன்னொரு செருமலுக்குக் காரணம் தேடித் தருகின்றன. சளி இருப்பதாகத் தெரிந்தால், மூச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் ஒரு முறை உதவும். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல், தொண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றை வேகமாக வெளியே தள்ள வேண்டும். குரல் நாண்கள் மூடித் திறக்காததால் வெடிப்பு ஓசை இல்லை, சளியும் நகர்கிறது. கடைசியில் இருமியே தீர வேண்டும் என்றால், குனிந்து, மடித்த துணியை வாயோடு சேர்த்து வைத்து, ஒரே முறை இருமிவிட வேண்டும். லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த ஒரு சோதனையில் ஹார்ன் கருவியில் மிதமான வலுவோடு வாசித்த ஒரு சுரமும், வாயை மூடாத ஓர் இருமலும் ஒரே அளவாக, சுமார் 65 டெசிபெல் காட்டின. கைக்குட்டையின் மதிப்பை ரசிகர்களுக்கு உணர்த்த அந்த அரங்கம் இதைத் தன் நிகழ்ச்சிக் குறிப்புகளிலேயே அச்சிட்டது. துணி ஒலியை மட்டுமல்ல, நீர்த்திவலைகளையும் தடுக்கிறது. துணி இல்லையென்றால் முழங்கை மடிப்பு. உள்ளங்கையில் இருமிவிட்டு அதே கையால் கதவையும் நாற்காலியையும் தொடுவது மற்றவர்களுக்கு நோயைத் தருவதாகும்.

மருந்துகளைப் பற்றி எச்சரிக்கையாகப் பேச வேண்டும். நம் வைத்தியத்தில் புகழ்பெற்ற ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டுதான் புரோம்ஹெக்ஸின் என்ற ஆங்கில மருந்து உருவானது. ஆனால் அது சளியை இளக்கி வெளியேற்றும் மருந்து. கச்சேரிக்குக் கிளம்பும்போது அதைக் குடித்தால் நாம் விரும்புவதற்கு நேர்மாறான விளைவே கிடைக்கும். சளி இளகினால் இருமித்தான் ஆக வேண்டும். அதிமதுரம் தொண்டைக்கு இதம் தரும், ஆனால் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். தேன் பற்றிய சான்று நன்றாக இருக்கிறது. 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வில், குழந்தைகளின் இரவு இருமலைத் தணிப்பதில் அது வழக்கமான இருமல் மருந்துக்குக் குறையாத பலன் தந்தது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. அவையில் குழந்தை இருமினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து கடையில் கிடைக்கும் சிரப்பை ஊற்றும் பழக்கத்தை அறவே விட வேண்டும். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததால் மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். எந்த அவையின் அமைதியும் அந்த விலைக்கு உரியதல்ல.

இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு, இருமலை அடக்குவது உடலுக்குக் கேடு என்பது. ஆரோக்கியமான ஒருவர் தொண்டை வறட்சியால் வரும் இருமலை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதால் கேடு வரும் என்று கருத ஆதாரமில்லை. சளி கட்டிய இருமலும் நிமோனியா, ஆஸ்துமா இருமலும் வேறு. அவற்றை அடக்குவது நுரையீரலின் கழிவை உள்ளேயே தேக்குவதாகும். அப்படிப்பட்டவர் செய்ய வேண்டியது அடக்குவதல்ல, எழுந்து வெளியே போவது. காய்ச்சலோடு கூடிய இருமல் உள்ளவர் வராமலிருப்பதே தனக்கும் பிறருக்கும் நல்லது. இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது: இந்த அளவு அமைதி வேண்டும் என்பதே மேட்டுக்குடியின் கற்பிதம் அல்லவா? இதில் உண்மை உண்டு. ஐரோப்பாவிலேயே 18ஆம் நூற்றாண்டின் ஓப்பரா அரங்குகளில் பேச்சும் சாப்பாடும் சீட்டாட்டமும் நடந்தன. அசையாமல் கேட்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. கர்நாடக சங்கீதத்தில் தாளம் போடுவதும் ‘பலே’ என்பதும் ரசனையின் பகுதி. ஆனாலும் ஆலாபனை தேய்ந்து ஒற்றைச் சுரத்தில் நிற்கும் நொடியில் எந்த ரசிகரும் அமைதியைத்தான் விரும்புவார். தேர்வு எழுதும் மாணவருக்கும், நூலகத்தில் படிப்பவருக்கும், இறந்தவருக்காக மௌனம் காப்பவர்களுக்கும் அமைதி எந்த வர்க்கத்தின் சொத்தும் அல்ல, அவர்களுடைய தேவை. கற்பிதமாகத் தொடங்கியது என்பதற்காக ஒரு வழக்கத்தின் பயன் இல்லாமல் போய்விடாது.

மூன்றாவது மறுப்பை நான் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். சத்தமில்லாமல் இருமக் கற்றுக்கொடுப்பது நோயை மறைக்கக் கற்றுக்கொடுப்பதாக ஆகிவிடாதா? 2020 மார்ச்சில் இந்தியாவில் யாருக்குப் போன் செய்தாலும் முதலில் ஓர் இருமல் ஒலித்து, பிறகு கொரோனா எச்சரிக்கை வந்தது. அதன் பிறகு பொது இடத்தில் இருமுபவர் மீது விழும் பார்வையில் சந்தேகமும் சேர்ந்துகொண்டது. பெண்களுக்கு இதில் கூடுதல் சுமை. அவர்களுடைய இருமல் அனிச்சை ஆண்களுடையதைவிட எளிதில் தூண்டப்படுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நாள்பட்ட இருமல் உள்ள பெண்கள் பலருக்கு இருமும்போது சிறுநீர் கசிகிறது. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு வெளியே போவதையே நிறுத்திவிடுகிறார்கள். இதற்கும் சிகிச்சை உண்டு, இடுப்புத் தசைப் பயிற்சி உண்டு. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்கினர் வாழும் நாட்டில் இருமலைப் பற்றிய வெட்கம் உயிரைப் பறிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலே சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அவையில் இருமலின் ஓசையை மறைக்கலாம். மருத்துவரிடம் இருமலை மறைக்கக் கூடாது. இந்த வேறுபாட்டைச் சேர்த்துச் சொல்லாத எந்த நாகரிகப் பாடமும் தீங்கானது.

அவையை நடத்துபவர்களின் பங்கு இங்கேதான் வருகிறது. நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ரசிகர்களுக்கு இருமல் மிட்டாய் இலவசமாகக் கிடைக்கிறது. நம் சபாக்களிலும் அதைச் செய்வதற்குப் பெரிய செலவில்லை. வாசலருகே சில இருக்கைகளை ஒதுக்குவது, வெளியே போனவர் பாட்டு முடிந்ததும் திரும்பி வரலாம் என்று அறிவிப்பது, ஏசியின் குளிரைச் சற்றுக் குறைப்பது ஆகியவை கடிந்துகொள்வதைவிட அமைதியைக் காக்கும். தேர்வுக் கூடங்களில் சிக்கல் வேறு. இருமலைச் சைகையாகப் பயன்படுத்த முடியும் என்ற சந்தேகம் ஆதாரமற்றதல்ல. நம் ‘கோடீஸ்வரன்’ நிகழ்ச்சிக்கு மூலமான பிரிட்டன் நிகழ்ச்சியில் 2001இல் ஒருவர் இருமலின் துணையோடு பத்து லட்சம் பவுண்டு பரிசு வரை சென்றதாக வழக்கு நடந்து, 2003இல் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. ஆனால் ஒரு மோசடிக்காக, சளி பிடித்த எல்லா மாணவர்களையும் முறைத்துப் பார்ப்பது சரியல்ல. லேபிள் கிழித்த தண்ணீர்ப் பாட்டில், பிரித்த மிட்டாய், கேட்டால் ஓர் ஓரத்து இடம் ஆகியவற்றைத் தேர்வுக்கு முன்பே அனுமதித்துவிட்டால் அந்த மாணவருக்கும் நிம்மதி, பக்கத்து மாணவருக்கும் நிம்மதி.

இருமல் வருவது எவருடைய தவறும் அல்ல. வரும் என்று தெரிந்தும் வெறுங்கையோடு வந்து உட்காருவதுதான் தவறு. அதேபோல் நூறு பேரைக் கூட்டி அமைதியை எதிர்பார்த்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீருக்கும் வெளியேறும் வழிக்கும் ஏற்பாடு செய்யாமலிருப்பதும் தவறு. அடுத்த முறை ஓர் அவைக்குக் கிளம்பும்போது கைக்குட்டையையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் இருமினால் திரும்பி முறைக்காமல் ஒரு கற்கண்டை நீட்டுங்கள். இரண்டு வாரமாக இருமுகிறீர்கள் என்றால் அரங்குக்குப் போவதைத் தள்ளி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.